வீட்டுக்குப் பணம் வந்தது, ஒழுங்கைக்கு வரவில்லை

வவுனியா நகரிலிருந்து மன்னார் வீதியால் மேற்கே போனால் குருமன்காடு, வேப்பங்குளம் தாண்டி வருவது நெளுக்குளம். பெயரைக் கேட்டால் குளத்தையும் வயலையும் நம்பிய வன்னிக் கிராமம் என்று தோன்றும். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. இன்று அதை நகரம் என்றும் சொல்ல முடியாது, கிராமம் என்றும் சொல்ல முடியாது. 1977 கலவரத்திலும் 1983 கலவரத்திலும் விரட்டப்பட்ட மலையகத் தமிழர்கள் வவுனியாவைச் சுற்றியிருந்த காட்டோரங்களிலும் குளக்கரைகளிலும் வந்து இருந்தார்கள். காந்தீயம் அமைப்பு அவர்களில் பலரைக் குடியமர்த்தியது. அதன் பிறகு போர் வடக்கே விரிய விரிய, இடம்பெயர்ந்து வந்தவர்களில் ஒரு பகுதியினர் திரும்பிப் போகாமல் நகரைச் சுற்றியே தங்கினார்கள். 2009இல் நெளுக்குளம் கலைமகள் மகா வித்தியாலயமும் அங்குள்ள தொழில்நுட்பக் கல்லூரியும் கடைசிப் போரிலிருந்து வந்தவர்களைத் தங்கவைத்த முகாம்களாயின. 2021இல் பம்பைமடு வளாகம் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த பின்பு அதே மன்னார் வீதிக்கு இன்னொரு மதிப்பு வந்திருக்கிறது. இப்படி அடுக்கடுக்காக ஆட்கள் வந்து நிறைந்த இடங்களை ஆர் செப்பனிடுவது, எந்தக் காசில் செப்பனிடுவது என்ற கேள்வி வவுனியாவின் புறநகர் முழுவதற்கும் பொது. இத்தனை ஆண்டுகளாக வீடுகளுக்குப் பணம் வந்திருக்கிறது. வீடுகளுக்கு நடுவே இருக்கும் ஊருக்கு வரவில்லை. அந்த வரிசையை மாற்றினால்தான் அடுத்து வரும் பணம் நிலைக்கும் என்பது என் வாதம்.

முதலில் நடந்த நல்லதைச் சொல்லிவிட வேண்டும். வன்னியில் “வீட்டுத்திட்டம்” என்றால் சின்னப் பிள்ளைக்கும் பொருள் தெரியும். 2004 இறுதியில் உலக வங்கி 7.5 கோடி டொலரை வடக்கு கிழக்கு வீடமைப்பு மீள்நிர்மாணத் திட்டத்துக்கு ஒதுக்கியது. வீடொன்றுக்கு முதலில் இரண்டரை இலட்சம் ரூபாவும் பிறகு மூன்றேகால் இலட்சமும் கொடுத்தார்கள். 2010 ஜூனில் இந்தியா 50,000 வீடுகளை அறிவித்தது. முதல் ஆயிரம் வீடுகளை ஒப்பந்தக்காரர்கள் கட்டினார்கள். 2012 ஒக்டோபர் 2ஆம் திகதி தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் வடக்கு கிழக்கில் 45,000 வீடுகளைக் கட்டும் பொறுப்பு வீட்டுக்காரரின் கையிலேயே விடப்பட்டது. புதிய வீட்டுக்கு ஐந்தரை இலட்சம், திருத்த வேலைக்கு இரண்டரை இலட்சம். யூ.என். ஹபிடாட், செஞ்சிலுவைச் சங்கம், தேசிய வீடமைப்பு அதிகாரசபை, ஹபிடாட் ஃபொர் ஹியுமனிட்டி ஆகியவை மேற்பார்வை பார்த்தன. அத்திவாரம், சுவர், கூரை என்று வேலை ஏற ஏற, பணம் தவணை தவணையாக நேரே பயனாளியின் வங்கிக் கணக்குக்குப் போனது. இடையில் ஒப்பந்தக்காரரும் இல்லை, அவர் பில்லுக்காகக் கந்தோர் கந்தோராக அலைவதும் இல்லை. மேசனைப் பேசுவதும் கல்லரிவதும் மணலுக்கு அனுமதி எடுப்பதும் வீட்டுக்காரரின் பாடு. தகரக் கொட்டிலில் இருந்தவர்கள் 550 சதுர அடி கல்வீட்டுக்குள் போனார்கள். இலங்கையின் வீடமைப்பு வரலாற்றில் உதவிப் பணம் இவ்வளவு ஒழுங்காகக் கைக்குப் போய்ச் சேர்ந்த திட்டங்கள் குறைவு.

ஆனால் அந்தத் திட்டங்களின் கணக்குப் புத்தகத்தில் ஒரேயொரு அலகுதான் இருந்தது: வீடு. எத்தனை வீடு தொடங்கியது, எத்தனை கூரை மட்டத்துக்கு வந்தது, எத்தனை முடிந்தது. அந்த வீட்டுக்கு மாரியில் எந்த வழியால் போவது, முற்றத்து வெள்ளம் எங்கே வடிவது, கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதெல்லாம் வேறு யாரோ பார்க்க வேண்டிய அலுவல். அந்த யாரோ வரவேயில்லை. இன்னொன்று, அந்தப் பணம் போரில் வீடு அழிந்து மீளக் குடியேறியவர்களுக்கென வகுக்கப்பட்டது, அது நியாயமும்கூட. நெளுக்குளம் போன்ற நகரோரங்களில் குண்டு விழாமலே பழுதான வீடுகள் நிறைய இருக்கின்றன. முப்பது நாற்பது வருடம் முன்பு தற்காலிகமென்று போட்ட மண்சுவரும் தகரமும் இன்று வரை தற்காலிகமாகவே நிற்கின்றன. அவற்றில் இருப்போர் எந்தப் பட்டியலிலும் முன்னுக்கு வருவதில்லை. உதவி கிடைத்தவர்களுக்கும் தொகை போதவில்லை. ஐந்தரை இலட்சம் என்று எழுதிய எண் அப்படியே நின்றது, சீமெந்தும் மேசன் கூலியும் நிற்கவில்லை. மிச்சத்துக்கு நகையை அடைவு வைத்தார்கள், நுண்கடன் எடுத்தார்கள். வீட்டுதவி பெற்றவர்கள் கடன்படுவதை வறுமை ஆராய்ச்சி நிலையம் யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் தனி ஆய்வாகவே எடுத்துப் பார்க்க வேண்டி வந்தது. வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் சுமை பெண்களை அழுத்தியது 2018இல் அரசாங்கமே சிறு கடன்களைத் தள்ளுபடி செய்யும் அளவுக்குப் போனது.

அதற்குப் பின் வந்த திட்டங்களைப் பார்த்தால் பணத்தின் அளவைவிட அது வரும் விதந்தான் சிக்கல் என்று தெரியும். 2015க்குப் பின் வடக்கு கிழக்குக்கு 65,000 வீடுகள் என்று அறிவிப்பு வந்தது. ஆர்செலர்மிட்டல் நிறுவனத்தின் உருக்கு வீடுகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. கல்வீட்டை ஏறத்தாழ பத்து இலட்சத்துக்குக் கட்டலாமே என்று எதிர்த்தவர்கள் கணக்குக் காட்டினார்கள். பெருக்கிப் பாருங்கள்: வீட்டுக்குப் பதினொரு இலட்சம் வித்தியாசமென்றால் மொத்தத்தில் 7,150 கோடி ரூபா. வெப்பமும் துருவும் பற்றிய கேள்விகள் வேறு. உள்ளூர் மேசனுக்கும் கல்லரிபவருக்கும் போகவேண்டிய கூலி வெளியூர்த் தொழிற்சாலைக்குப் போகுமே என்ற கேள்விதான் அதிலும் பெரியது. திட்டம் கடைசியில் கைவிடப்பட்டது. அடுத்து, தேசிய வீடமைப்பு அதிகாரசபையின் மாதிரிக் கிராமங்களும் தனி வீடுகளும் 2018, 2019இல் மும்முரமாகத் தொடங்கின. 2019 நவம்பரில் ஆட்சி மாறியதும் தவணைப் பணம் நின்றது. முதல் தவணையை நம்பிப் பழைய கொட்டிலைப் பிரித்துவிட்டு அத்திவாரம் போட்டவர்கள் வவுனியாவிலும் மன்னாரிலும் முல்லைத்தீவிலும் நடுவெளியில் நின்றார்கள். மேலே பொருளாதார நெருக்கடியும் வந்து சேர்ந்தது. 2021 தொடக்கத்தில் ஏறத்தாழ ஆயிரம் ரூபாவாக இருந்த ஐம்பது கிலோ சீமெந்துப் பை 2022இல் இரண்டு மடங்கைத் தாண்டி மூன்று மடங்கை நெருங்கியது. மிச்சத் தவணை வந்தாலும் பழைய கணக்கில் கூரை ஏறாது என்ற நிலை. கட்டடம் கட்டுவதையே சாதனையாக எண்ணும் பழக்கம் வீடுகளோடு நிற்கவில்லை என்பதற்கு வவுனியா மதவுவைத்தகுளத்துப் பொருளாதார மத்திய நிலையம் சாட்சி. கட்டி முடிந்தும் ஆண்டுக்கணக்காகப் பூட்டிக் கிடந்தது அது.

பணத்தை எதில் முதலில் போடுவது? என் பதில், காணிக் கடதாசியில். வன்னியில் பெரும்பகுதிக் குடியிருப்புக் காணிகள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் கொடுக்கப்பட்டவை. பலரிடம் அந்தப் ‘பெர்மிட்’டும் இல்லை; கிராம அலுவலரின் கடிதமும் மின்சாரப் பில்லுந்தான் சான்று. சிலரின் பத்திரம் இடப்பெயர்வில் தொலைந்தது, சிலருடையது இறந்துபோன தகப்பனின் பெயரிலேயே இருக்கிறது. இப்படிப்பட்ட காணியில் ஆர் துணிந்து தளம் போடுவார்? ஆர்ஜென்டீனாவின் தலைநகர் புவனஸ் அயர்ஸின் ஓரத்தில் இதற்கொரு நல்ல சோதனை தற்செயலாக நடந்தது. 1981இல் 1,800க்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்கள் அரச காணி என்று நினைத்து ஒரு நிலப்பரப்பில் குடியேறின. அது தனியாருடையது என்று பிறகு தெரிந்தது. 1984இல் அரசு சட்டமியற்றி இழப்பீடு கொடுக்க முன்வந்தபோது சில உரிமையாளர்கள் ஏற்றார்கள், சிலர் நீதிமன்றம் போனார்கள். ஆகவே பக்கத்துப் பக்கத்தில், ஒரே நிலையிலிருந்த குடும்பங்களில் சிலருக்கு உறுதி கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவில்லை. பொருளியலாளர்கள் கலியானியும் ஷார்க்ரொட்ஸ்கியும் பல ஆண்டு கழித்துப் போய்ப் பார்த்தபோது, உறுதி கிடைத்தவர்களின் வீடுகள் தெளிவாக மேம்பட்டிருந்தன. பிள்ளைகளும் கூடப் படித்திருந்தார்கள். வங்கிக் கடன் மட்டும் பெரிதாகக் கூடவில்லை. உறுதியைக் காட்டிக் கடன் எடுத்துத்தான் வீடு திருந்தும் என்ற வாதத்தை இது கவிழ்க்கிறது. எழுப்பமாட்டார்கள் என்ற நம்பிக்கை வந்தால், சம்பளத்திலும் சீட்டிலும் மிச்சம்பிடித்து மனிதர்கள் தாங்களாகவே கட்டுகிறார்கள்.

இரண்டாவது ஒழுங்கையும் வாய்க்காலும். தான்சானியாவில் 1970களிலும் 80களிலும் உலக வங்கிப் பணத்தில் இரண்டு வகை வேலை நடந்தது. ஒன்று, வெற்று நிலத்தில் வீதியும் தண்ணீரும் போட்டுக் காணித்துண்டு பிரித்துக் கொடுத்தது. வீட்டை அவரவர் கட்டினார்கள். மற்றது, ஏற்கெனவே நெருங்கிக் கட்டிவிட்ட குடியிருப்புகளுக்குள் பிறகு போய் வீதி போட்டது. லண்டன் பொருளியல் கல்லூரியின் கை மைக்கேல்ஸும் கூட்டாளிகளும் 2021இல் வெளியிட்ட ஆய்வு, பத்தாண்டுகள் சில கடந்த பின் முதல் வகை இடங்களில் வீடுகள் பெரிதாகவும் ஒழுங்காகவும் இருந்ததைக் காட்டியது. இரண்டாம் வகையில் அந்தப் பலன் தெரியவில்லை. வவுனியாவின் புறநகருக்கு இதில் ஓர் அவசரச் செய்தி உண்டு. இங்கே காணிகள் இன்னும் துண்டாகிக்கொண்டிருக்கின்றன. இப்போது இருபதடி ஒதுக்கினால் அது வெறும் கோடு. பத்து வருடம் கழித்தால் மதில் உடைப்பும் வழக்கும். வன்னியில் இதோடு குளமும் சேர்கிறது. ஒரு குளம் வான் பாய்ந்தால் அடுத்த குளத்துக்குப் போகும் வழியில்தான் நம் வீடுகள் நிற்கின்றன. அந்த வழியை அடைத்து மதில் கட்டினால் மழைக்குத் தெரியுமா உறுதியும் பெர்மிட்டும்? ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக எத்தனை இலட்சம் கொடுத்தாலும் அந்த வெள்ளத்தை ஒரு வீட்டுக்காரர் தனியே மறிக்க முடியாது. பொதுப்பணம் தேவைப்படும் இடம் இதுதான். வவுனியாவின் பேராற்றுக் குடிநீர்த் திட்டத்துக்கு ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடன் வந்ததும் இதே காரணத்தால்தான். அந்தக் குழாய் பெருவீதியோடு நின்றுவிடாமல் உள் ஒழுங்கைக்குள் திரும்புவதற்கு ஒழுங்கை என்று ஒன்று வரைபடத்தில் இருக்க வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு எழும், அதைத் தட்டிக்கழிக்க முடியாது. கூரை ஒழுகும் வீட்டில் மூன்று பிள்ளைகளோடு இருக்கும் தாயிடம் போய், முதலில் நில அளவை, பிறகு வாய்க்கால், வீடு மூன்றாவது என்று சொல்வது கொடுமையில்லையா? கொடுமைதான், அப்படிச் சொன்னால். நான் சொல்வது ஒட்டுமொத்தப் பணத்தின் வரிசை. ஒரு குடும்பத்தின் ஆபத்தை ஒத்திவைப்பதல்ல. கணவனை இழந்தோர், மாற்றுத்திறனாளிகள், முதியோர் ஆகியோரால் கட்டவே முடியாது. அவர்களுக்கு முழு உதவி உடனே போக வேண்டும். அவர்களைத் தெரிவதைப் பயனாளிகளுக்குப் புள்ளி போடும் முறையில் விடுவதும் ஆபத்து. குடும்பத்தின் தலைகளை எண்ணிப் புள்ளி போட்டால் தனியே இருக்கும் கிழவி எப்போதும் கடைசி. ஆனால் உழைக்கக்கூடிய கைகள் உள்ள வீடுகளிடமும், தவணையில் கொடுத்தாலும், முழு வீட்டையும் ஒரேயடியாகக் கேட்பதுதான் இதுவரை நடந்தது. அவர்களுக்கு வேண்டியது கூரை மாற்ற ஒரு தொகை, அதைக் கட்டி முடித்தால் அடுத்த வருடம் மலசலகூடத்துக்கு ஒரு தொகை. கட்டங்கட்டமாய் முன்னேறும் வீட்டுக்குக் கட்டங்கட்டமாய் வரும் பணந்தான் பொருந்தும்.

அந்தப் பணம் எங்கிருந்து வரும்? கொழும்புக்கு ஒரு வழி இருந்தது. நகர அபிவிருத்தி அதிகாரசபை 2010இல் ஆயிரம் கோடி ரூபாவுக்குக் கடன்பத்திரம் வெளியிட்டது. ‘தோட்டம்’ எனப்படும் நகர வறிய குடியிருப்புகளில் இருந்தவர்களை மாடிவீடுகளுக்கு மாற்றி, விடுபடும் நிலத்தை முதலீட்டாளருக்குக் கொடுத்துச் செலவை மீட்பது திட்டம். அதன் நியாய அநியாயம் வேறு கதை. நெளுக்குளத்துக்கு அது ஒத்துவராது என்பதற்கு ஒரு காரணம் போதும்: பேர்ச் கணக்கில் பொன் விலை போகும் நிலம் இங்கே இல்லை. இங்கே கையில் இருப்பது உள்ளூராட்சி. வவுனியா நகரம் மாநகர சபையாகிவிட்டது. நெளுக்குளம் இருப்பது வவுனியா தெற்கு தமிழ்ப் பிரதேச சபைப் பக்கம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டப்படி, கட்டடம் செறிந்த இடமென்று பிரகடனப்படுத்திய பகுதிகளில் ஆண்டுப் பெறுமதியின் 10 வீதம் வரை சோலைவரி அறவிடலாம். காணி கைமாறும்போது வரும் முத்திரை வரியும் சபைக்கே சேரும். ஆனால் பெர்மிட் காணி சுதந்திரமாகக் கைமாறாது, கைமாறாத காணிக்கு முத்திரை வரி கிடையாது. காணிக் கடதாசி இல்லாத ஊரின் சபைக்கு வருமானமும் இல்லை. வருமானமில்லாத சபையால் ஒழுங்கை போட முடியாது. ஒழுங்கை இல்லாத காணிக்கு மதிப்பில்லை. இந்த முடிச்சை அவிழ்க்கத் தொடங்கக்கூடிய நுனி கடதாசி ஒன்றுதான். ஆகவே வீட்டுத்திட்டங்களுக்கென்று வரும் பணத்தில் ஒரு பங்கை நில அளவைக்கும் உறுதிக்கும் ஒதுக்க வேண்டும். மன்னார் வீதியோரக் கடைகள், வாடகை விடுதிகள் ஆகியவற்றின் சோலைவரியை அந்த வட்டாரத்தின் ஒழுங்கைகளுக்கென்று தனிக் கணக்கில் வைத்து, ரூபாவுக்கு ரூபா திறைசேரி சேர்க்க வேண்டும். வறிய வீடுகளுக்கு வரியிலிருந்து விலக்குக் கொடுக்கலாம். தாய்லாந்து 2003இல் தொடங்கிய ‘பான் மன்கோங்’ திட்டத்தில் அரசு செய்ததும் ஏறத்தாழ இதுதான்: வீதிக்கும் வடிகாலுக்கும் மானியம், வீட்டுக்குக் குறைந்த வட்டிக் கடன், இரண்டும் குடியிருப்பாளர் அமைப்பின் கையில்.

சபைகளை நம்பிப் பணம் விடுவதா என்று சிரிப்பவர்கள் உண்டு. கட்சிச் சண்டையில் வரவு செலவுத் திட்டமே தோற்கும் சபைகளைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு வருவது இயல்பு. ஆனால் இலங்கையே இதற்கு விடை வைத்திருந்தது. அப்போதைய பிரதமர் பிரேமதாசாவின் பத்து இலட்சம் வீடுகள் திட்டம் 1984இல் தொடங்கியபோது, அரசு வீடு கட்டித் தருவதை விட்டுச் சிறு கடனும் ஆலோசனையும் கொடுக்கும் வேலைக்கு மாறியது. கொழும்பின் வறிய குடியிருப்புகளில் கிணறும் பொதுக் கழிப்பறையும் நடைபாதையும் போடும் ஒப்பந்தத்தை அங்குள்ள சமுதாய அபிவிருத்தி மன்றங்களுக்கே கொடுத்தார்கள். வாசலுக்கு முன் போடும் பாதையில் சீமெந்தைக் களவெடுக்க அயலவர் விடமாட்டார் என்ற எளிய நம்பிக்கைதான். உலகம் அதைப் பார்த்துப் படித்தது. வடக்கு போருக்குள் இருந்தது. அந்தத் திட்டத்தின் குறையையும் சொல்ல வேண்டும். கடன் திரும்பி வரவில்லை, அரசியல்வாதிகளே தேர்தலுக்குத் தேர்தல் தள்ளுபடி பேசினார்கள். அதனால்தான் கடனை அரசின் பெயரில் கொடுக்காமல், ஏற்கெனவே சீட்டும் சேமிப்பும் நடத்திப் பழகிய மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் வழியாகக் கொடுப்பது பொருத்தம். பக்கத்து வீட்டுக்காரியின் பணத்தை யாரும் தேர்தலுக்காகத் தள்ளுபடி செய்ய முடியாது.

கடைசி மறுப்பு வன்னியில் அடிக்கடி கேட்பது: உறுதியைக் கையில் கொடுத்தால் விற்றுவிடுவார்கள், வெளியார் வாங்குவார்கள், பிறகு அந்தச் சனம் எங்கே போகும்? வன்னியின் குடியேற்ற வரலாறு தெரிந்தவர்கள் இந்தப் பயத்தை அற்பமென்று சொல்லமாட்டார்கள். ஆனால் உறுதி கொடுக்காத நாற்பது வருடத்தில் விற்பனை நடக்காமலா இருந்தது? நடந்தது, வெள்ளைத்தாளில், சந்தை விலையில் பாதிக்கு. அப்படி வாங்கியவருக்கும் உரித்தில்லை, விற்றவருக்கும் பணமில்லை. குறிப்பிட்ட காலத்துக்கு விற்க முடியாதென்ற நிபந்தனையோடு உறுதி கொடுக்கலாம். கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுதலாம். பெர்மிட் காணியில் ஆண்பிள்ளைக்கே முதலிடம் கொடுத்த பழைய வாரிசு வரிசை 2022ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தோடு போய்விட்டது. இனி மகள்மாரும் உரித்துக் கேட்கலாம். இதையெல்லாம் நடத்தத் தேவைப்படுவது பிரதேச செயலகத்தின் நடமாடும் சேவையில் நில அளவையாளர் ஒருவர் நாள் முழுக்க இருப்பதும், அவருக்குப் பின்னால் கோப்பைத் தொடர ஓர் எழுதுவினைஞர் இருப்பதுந்தான். ஒரு வட்டாரத்தைக் காணி காணியாக அளந்து முடிக்க ஆகும் சம்பளச் செலவையும், அதே வட்டாரத்தில் சில வீடுகளுக்குக் கொடுக்கும் மானியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, அடுத்த வருட ஒதுக்கீட்டுக்கு முன்னால் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லி நெளுக்குளத்தவர்கள் கேட்கலாம்.